பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு

கர்ப்பிணிகளுக்கு நாங்கள் சொல்லும் பாடம் இன்றும் அதேதான். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கணும், பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு எடுக்கணும், குடம் தூக்கக் கூடாது, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலமெல்லாம் இதை வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். 1995 கடைசியில் சொன்னபோது எனக்கே ஏழாம் மாதம்.

புதுக்கோட்டை மாவட்டம் அது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த வேகத்தில்தான் நானும் பழகினேன். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தடுப்பூசி, குடும்ப நலம், கர்ப்பிணிப் பதிவு எல்லாம் அந்த ஒருத்திதான். நடு ராத்திரியில் வலி கண்டால் அரிக்கேன் விளக்கோடு கதவைத் தட்டுவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இன்னொருத்திக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, விடிந்ததும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

அந்த டிசம்பர் 9-ஆம் தேதி நாடு முழுக்க முதல் போலியோ சொட்டு மருந்து முகாம். நான்கு பக்கமும் ஐஸ் பேக் அடுக்கிய வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டினால் பட்டை கழுத்தை அறுக்கும். ஹாண்டில்பாரில் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும். அந்த வயிற்றோடு சைக்கிளில் ஏற முடியாது என்பதால் பின்னால் வைத்துக் கட்டி, கண்மாய்க் கரை வழியாக உருட்டிக்கொண்டே போனேன். எதிரில் வந்த அப்பத்தா ஒருவர் நிறுத்தினார். "ஏத்தா நர்சம்மா, எம் பேத்திய ஒரு குடம் தூக்கக் கூடாதுன்னே. இப்ப நீ இழுத்துட்டு வர்றது என்னாத்தா?" கேட்டுக்கொண்டே சைக்கிளை வாங்கி, அவரே ஊர்வரை உருட்டிக்கொண்டு வந்தார். மேலே இருந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. மாதாந்திரக் கூட்டத்தில், இரண்டு மாதம் மட்டும் தூரத்துக் கிராமங்களை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "ஊர்ல நீங்க மட்டுமா புள்ள பெத்துக்கிறீங்க?" என்பதுதான். ஜனவரி 20-ஆம் தேதி இரண்டாம் சுற்றின்போது எனக்கு ஒன்பதாம் மாதம்.

அன்று மகப்பேறு விடுப்பு 90 நாள். அதில் ஒரு நாளைக்கூடப் பிரசவத்துக்கு முன்னால் செலவழிக்க எவளும் துணிய மாட்டாள். வலி வரும்வரை வேலை, எல்லா நாளும் பிள்ளைக்கு என்பதே எங்கள் கணக்கு. தாய்ப்பாலின் அருமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன நான், நாலாம் மாதத் தொடக்கத்திலேயே என் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்னொருத்தி பிள்ளையைத் தராசில் போட்டு எடை பார்ப்பேன். முப்பது வருஷம் ஆகியும் அந்த வலி மறக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 2011-இல் அரசு ஊழியர்களுக்கு விடுப்பு ஆறு மாதமாயிற்று. 2016-இல் ஒன்பது, 2021-இல் பன்னிரண்டு. ஒவ்வொரு அறிவிப்பு வந்தபோதும் கண் நிறைந்தது. வீட்டுப் பிரசவமும் அநேகமாக ஒழிந்துவிட்டது. அரிக்கேன் விளக்கோடு யாரும் வருவதில்லை.

சென்ற வருஷம் பழைய ஊர்ப்பக்கம் போயிருந்தேன். இப்போதுள்ள செவிலியர் சின்னப் பெண், அவளுக்கும் ஏழாம் மாதம். சைக்கிளுக்குப் பதில் ஸ்கூட்டி. ஆனால் அவள் பார்ப்பது இரண்டு துணை நிலையங்களை. பக்கத்து நிலையத்துச் செவிலியர் மகப்பேறு விடுப்பில் போயிருக்கிறார். அந்த ஒரு வருஷத்துக்கு மாற்று ஆள் போடவில்லை. கூடுதல் பொறுப்பு என்று இவள் தலையில் வைத்துவிட்டார்கள். கர்ப்பிணியின் சுமையை இறக்கி இன்னொரு கர்ப்பிணியின் மேல் ஏற்றியிருக்கிறார்கள்!

பகல் முழுக்க அலைச்சல். ராத்திரி சோறு வடித்த பிறகு கர்ப்பிணிகளுக்கான பிக்மி கணினித் தளத்தில் பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணியின் ரத்த அளவு, ரத்த அழுத்தம், ஸ்கேன் விவரம் எல்லாம் ஏற்ற வேண்டும். சிக்கலான கர்ப்பம் என்று குறித்தவர்களைப் போனில் விசாரிக்க வேண்டும். அவளுடைய கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. வேறொருத்தி காலில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருப்பாள். "பிரஷர் பாத்தியா?" என்றேன். "நாளைக்குப் பாக்கணும்க்கா" என்றாள். அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, சரியாக இருந்தது.

"இப்பவே லீவு போட்டா என்னம்மா?" என்று கேட்டதற்கு, "போட்டா பிள்ளகூட இருக்குற நாளு கொறஞ்சிருமேக்கா" என்றாள். 90 நாள் கொடுத்தாலும் 365 நாள் கொடுத்தாலும் பெண்கள் போடும் கணக்கு ஒன்றாகவே இருக்கிறது. விடுப்பு நீண்டதே தவிர, வயிற்றோடு வேலை பார்க்கும் மாதங்களை யாரும் தொடவில்லை. உடன் வேலை பார்ப்பவர்களின் கோபமும் ஆள் போடாதவர்கள்மேல் போவதில்லை, "ஒரு வருஷம் போய் உக்காந்துக்கிட்டா" என்று பிள்ளை பெற்றவள்மேல்தான் விழுகிறது. அவளாவது நிரந்தரப் பணியில் இருப்பவள். ஒப்பந்தச் செவிலியர்கள் இந்த விடுப்புக்காகவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆலை, தோட்டப் பெண்களை நினைத்து எழுதிய 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே வழி இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய சுமார் இரண்டரை மாதங்களில் அவள் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ வெகுநேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக் கூடாது என்றது அது. நான் கேட்டு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லிவிட்டேன். அதனால் அவள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. செவிலியர் கர்ப்பம் பதிவானதுமே ஏழாம் மாதத்திலிருந்து அவளுடைய தூரத்துக் கிராமங்களும் கணினிப் பதிவும் வேறு கைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இதற்கென்றே இரண்டு செவிலியர்களை உபரியாக நியமித்தால் போதும். இது செலவுக் கணக்கு என்றால், நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்வதை எந்தக் கணக்கில் வைப்பது?