கோப்பின் கிரிவலம்: மாநகராட்சி நிதிச் சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாயிற்று. நகர்மன்றம் மாமன்றமானது, தலைவர் மேயரானார். மலை அசையவில்லை, தீர்மானப் புத்தகத்தின் நடையும் அசையவில்லை. இன்றும் ஒவ்வொரு பொருளும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்றே முடிகிறது. அந்த நடையே இவ்வாய்வின் பொருள். பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடை இதன் களம். தகவலாளிகள்: ஓர் ஒப்பந்ததாரர், ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், சொத்து வரி கட்ட வந்த ஓர் அம்மா.

முதலில் காலம். வரவு செலவுத் திட்டப் புத்தகத்தைப் பிரித்தால் ஒரே வரியில் மூன்று தொகைகள் நிற்கும்: போன ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. காலம் மூன்று என்றார் தொல்காப்பியர். நடுவிலுள்ள காலத்தைத் திருத்தலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நிதியாண்டு ஏப்ரல் 1-இல் பிறந்து மார்ச் 31-இல் முடிவதால், மார்ச் கடைசி வாரத்தில் எழுத்தரிடம் குலதெய்வமே வந்து பேசினாலும் 'ஏப்ரல்ல வாங்க' என்பார் என்று நம் தகவலாளி உறுதியளித்தார்.

அடுத்து, ஒரு சிமென்ட் சாலைக்கான கோப்பு நடக்கும் வழி. கிரிவலப்பாதை 14 கிலோமீட்டர், லிங்கங்கள் எட்டு. கோப்புக்கும் எட்டே நிறுத்தம் என்பது நம் கண்டுபிடிப்பு. இந்திரலிங்கத்தில் மதிப்பீடு. அக்னியில் நிர்வாக அனுமதி. எமலிங்கத்தில் தொழில்நுட்ப அனுமதி. சில கோப்புகள் அங்கேயே தங்கிவிடுவது பெயர்ப் பொருத்தம். நிருதியில் ஒப்பந்தப்புள்ளி. வருணலிங்கத்தில் பணி ஆணை, அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். வாயுவில் எம் புக், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். ஏழாவதான குபேரலிங்கத்தில் பில். பக்தர் கூட்டம் அங்கே ஏன் அதிகம் என்பதற்கு இனி வேறு விளக்கம் தேவையில்லை. எட்டாவது, மயானத்தை ஒட்டிய ஈசான்யம்: தணிக்கை.

'எஸ்.எஃப்.சி. வந்துடுச்சா?' என்று ஒப்பந்ததாரர் கைப்பேசியில் கேட்டது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் மானியத்தை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஆணையத்தை அமைக்கச் சொல்வது 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதே ஆணையம் நகரங்களின் நிதி நிலையையும் ஆராய வேண்டும் என்று சேர்த்தது 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம். ஊராட்சிகளின் திட்டங்களையும் நகரங்களின் திட்டங்களையும் ஒன்றாகத் தொகுக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்று சொல்வதும் இந்த 74-ஆவது திருத்தம்தான். டீக்கடையில் இதைச் சொன்னதும் நம் பக்கத்திலிருந்தவர் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்.

'ஆவன செய்யப்படும்' என்பதில் உரையாசிரியர்கள் இரு கட்சி. ஆவன என்றால் ஆகக்கூடியவை என்பது ஒரு கட்சி. அப்படியானால் கேட்டது அதில் சேராது என்பது மறு கட்சி. 'நிதி நிலைக்கேற்ப' என்ற அடைமொழி முன்னால் வந்தால் இரு கட்சியும் ஒன்றாகிவிடும்.

மிச்சம் மூன்று சொற்கள்: கேட்பு, வசூல், நிலுவை. கேட்பு என்பது இவ்வளவு வரவேண்டும் என்று எழுதிக்கொள்வது, வசூல் என்பது வந்தது, நிலுவை வராதது. இவற்றுள் சாகாவரம் பெற்றது நிலுவைதான் என்பது நம் கருதுகோள். வீட்டுக்காரர் போனாலும் வரிவிதிப்பு எண் போவதில்லை, பாக்கியோடு வாரிசு பெயருக்கு மாறிக்கொள்கிறது.

இதை அந்த அம்மாவிடம் விளக்கினோம். அவர் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதையும் கழித்துக்கொண்டு கட்டியிருக்கிறார். நிலுவை என்ற கட்டத்தில் பூஜ்யம். "இதுக்கு என்ன தம்பி ஆராய்ச்சி?" என்றார். ஒரேயொரு மாதிரியை வைத்துக் கோட்பாட்டை மாற்றுவது ஆய்வு நெறியாகாது என்பதால், அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம்.