கோபத்துக்குக் கால் பங்கு

கேள்வி: இந்தியக் குடியுரிமையோடு பாரிஸில் பல காலமாக வசிக்கிறேன். சொந்த வீடு உண்டு; மூன்று பிள்ளைகளும் இங்கேயே. எட்டிப் பார்க்காத மூத்தவனுக்கு ஒரு செங்கல்கூடப் போகாதபடி உயில் எழுத முடியுமா?
- ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: எழுதலாம், காகிதம் தடுக்காது. பிரெஞ்சுச் சட்டம்தான் தடுக்கும். அங்கே ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் கோபத்துக்கு மிஞ்சுவது கால் பங்கு.

2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு வாசலைத் திறந்தது. 'என் குடியுரிமை நாட்டுச் சட்டமே செல்லும்' என்று உயிலில் எழுதிவிடலாம். இந்துக்கள் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது நம்மூர்ச் சட்டம். அப்பாடா என்று எழுந்துவிடாதீர்கள்! 2021 நவம்பரில் பிரான்ஸ் அந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது. அங்கேயே வசிக்கும் பிள்ளை, வெளிநாட்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டால், பிரான்சில் உள்ள சொத்திலிருந்து தன் பங்கைக் கேட்டு வாங்கலாம்.

எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பிள்ளைக்குத் தலா 1,00,000 யூரோவைத் தாண்டினால் வழக்கே போடாமல் பங்கு வாங்கிக்கொள்ளும் வாரிசு ஒன்று உண்டு: பிரெஞ்சு வரித்துறை!