பணம் கட்டி ஓடுகிறவன்

மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. "இன்னும் நோய் வரலை சார். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது" என்றார் டாக்டர்.

மறுநாள் விடியற்காலையே மெரினாவுக்குப் போய்விட்டேன். கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து உழைப்பாளர் சிலை வரை ஓட்டம். அங்கே நான்கு பேர் பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நான் தொப்பையைத் தள்ளினேன். இரண்டுமே நகரவில்லை.

ரோஷம் வந்து 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டினேன். "நம்ம தெரு நாய் சும்மாவே துரத்துமேங்க" என்றாள் மனைவி.

ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். என் 82 கிலோவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 410. திரும்பும் வழியில் நெய் மிதக்கும் பொங்கலும் மெதுவடையும் அதை வட்டியோடு திருப்பித் தந்துவிடும். நாலு மாதத்தில் குறைந்தது ஒன்றரைக் கிலோ.

"முட்டி தேஞ்சிடும்" என்று எச்சரித்தார் கீழ்வீட்டுக்காரர். அளவாக ஓடுகிறவர்களைவிட உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத்தான் மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, முதல் மாடிக்கு லிஃப்டில் ஏறினார்.

யாரும் எச்சரிக்காதது நகம். ஷூவில் இடித்து இடித்துக் கறுத்து, ஒருநாள் சாக்ஸோடு கழன்று வந்தது. வேர்வையில் ஊறிய பனியன் மார்பில் உரசி என்ன செய்யும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்து மகன் செல்போனில் ஜிம் ஃபிக்ஸைக் கண்டுபிடித்தான். ஓட்டத்தைப் பற்றி 1977இல் புத்தகம் எழுதி, அமெரிக்கர்களை ரோட்டில் இறக்கியவர். 1984இல் ஓடப்போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். வயது 52. எனக்கும் 52. வீட்டில் மிக்ஸிகூட நின்றுவிட்டது.

"அவர் முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஊதித் தள்ளினவர். அவங்க அப்பாவே நாப்பத்திமூணுல இதய நோயில போனவர். ஓடினதாலதான் இவ்வளவு நாள் இருந்தார்" என்று வாதாடினேன்.

"உங்க அப்பாவுக்கு எந்த வயசுல பைபாஸ் பண்ணாங்க?" என்றாள் மனைவி.

நாற்பத்தேழு. அன்று சாயங்காலமே டிரெட்மில் டெஸ்டுக்குப் போனேன். அங்கேயும் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டியதும் ஓடச் சொன்னார்கள்.

இதயத்தில் குறையில்லை. போன வாரம் சர்க்கரை 5.6. கால் கட்டைவிரல்கள் இரண்டிலும் நகம் இன்னும் முளைக்கவில்லை.