ஆட்டம் பார்ப்பவர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தெருவுக்கு ஒருவர். இளநீர் லோடு அடிக்கக் குட்டி யானை வைத்திருப்பார். லோடு அடிக்கும் நாட்களில் முகத்தில் களையே இருக்காது. முன்சக்கரத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கட்டும், கல்யாணக் களை வந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்புக்கு விட மாட்டார். "கிங்பின் மாத்தறேன்னு சொல்லிக் கிரீஸ் அடிச்சுக் குடுத்துருவானுங்க" என்பது அவர் கட்சி. ஆதாரம் கேட்டுவிடாதீர்கள். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, லாரி மாதிரி குறுக்கே ஒரே ஆக்ஸில், அதோடு பட்டை ஸ்பிரிங். "இது குட்டி லாரிங்க. கார் மெக்கானிக்குக்கு என்ன தெரியும்?" முக்கால் டன் ஏற்ற வேண்டிய அந்தக் குட்டி லாரியில் ஒன்றரை டன் ஏற்றியதும், கிரீஸ் கன்னைப் பரண்மேல் போட்டதும் யார் என்ற அத்தியாயம் அந்தக் கதையில் வராது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜாக்கி ஏறும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டார். ஸ்டெப்னியைச் சேஸிஸுக்குக் கீழே உருட்டிவிட்டுத்தான் படுப்பார். அவ்வளவு விவரம். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டைராடு தெரிந்துவிடும். மேலும் கீழுமாக ஆட்டினால்தான் சிக்கல்: ஆட்டம் கிங்பின்னிலா, பேரிங்கிலா? அதற்கு வீட்டுக்காரம்மா டிரைவர் சீட்டுக்கு வர வேண்டும்.

"பிரேக்கை மிதி அம்மிணி."

"அடுப்புல கொழம்பு இருக்குதுங்க."

"கொழம்பு கெடக்குது. மிதி."

மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். நிற்கவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாசனையோடு கிங்பின் என்று தீர்ப்பாகும். இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு சரி என்பதுதான் கொடுமை. ஆள் முட்டாளாக இருந்தால் வீட்டார் எப்போதோ தப்பித்திருப்பார்கள்.

டைராடு எண்டைக் கழற்ற இரண்டு சுத்தியல். நட்டை முழுக்க எடுக்காமல் நாலு மரை விட்டுவிட்டு, ஆர்மின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்தால் பொட்டென்று விட்டுக்கொடுக்கும். ஒரு சுத்தியல் அவர் கையில், இன்னொன்று காலேஜ் படிக்கும் பையன் கையில். அந்த 'ஒரே நேரம்' மட்டும் அந்தக் குடும்பத்தில் என்றைக்கும் அமைந்ததில்லை.

கிங்பின் அப்படி மசியாது. ஆக்ஸிலோடு துருவாய் ஒட்டிக்கிடக்கும். ராத்திரி முழுக்க டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் சம்மட்டியால் அடித்து, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட பிறகு இறங்கும். புது புஷ்ஷை இறக்கியதும் ரீமர் போட வேண்டும். ரீமர் வீட்டில் இல்லை. எனவே ஸ்டப் ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவார். 'வெளியே விட மாட்டேன் என்றீர்களே' என்று யாரும் கேட்கக் கூடாது. அவர் சட்டத்தில் லேத்து, ஒர்க்‌ஷாப்பில் சேராது. அன்றைய இளநீர் லோடு வாடகை வண்டியில் போகும். அந்த வாடகை எந்தக் கணக்கிலும் ஏறாது. கூலி மிச்சமான கணக்கு மட்டும் வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லப்படும்.

எல்லாம் பூட்டியாயிற்று. இரண்டு டயருக்கும் முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. டேப்பின் மறுமுனையில் பையன் கொட்டாவியோடு. முன்பக்கம் ஒரு நூல் உள்வாங்கியிருக்க வேண்டும் என்று டைராடைத் திருகித் திருகி வைப்பார். அதிலும் குறை சொல்ல முடியாது.

பிறகு ஓட்டம். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போகிறது. ஸ்டியரிங் மட்டும் வால்பாறைக்குத் திரும்புகிற மாதிரி கோணி நிற்கிறது. டிராக் லிங்க் அளவு மாறிப்போச்சுங்களே என்று யாராவது சொன்னால், "வண்டி நேராப் போகுதா இல்லீங்களா? ஸ்டியரிங் எங்க பாத்தா உங்களுக்கென்னங்க?" என்பார்.

சொன்னவர் பதில் பேசாமல் தன் எக்ஸ்எல்லை உதைத்துக் கிளப்பப் பார்ப்பார். அதற்குள் நம்மவர் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்திருப்பார்.

"கோன் செட்டு காலிங்க. ஞாயித்துக்கெழமை கொண்டாங்க, நம்ம வாசல்லயே பாத்துரலாம்."