குப்பைக்குப் புள்ளி போடுகினமாம்

பிள்ளையள், உந்தக் கையுறையளைக் கழட்டிப்போட்டு எப்பன் இருங்கோ. காங்கேசன்துறைக் கடல் ஓடிப்போகாது. கரையிலை கிடக்கிற குப்பையும் ஓடிப்போகாது. கம்பஸிலை இருந்து கரை துப்பரவாக்க வந்திருக்கிறியள், நல்ல காரியம். நல்ல காரியம் செய்யிறவைக்குப் புத்தி சொல்லுறது எங்களைப்போல கிழடுகளின்ரை வேலை. குனியிறது உங்கட வேலை.

என்ரை பேரன் ராத்திரி ஒரு புதினம் சொன்னவன். உலகத்துக் கம்பஸுகளுக்கெல்லாம் பச்சைப் புள்ளி போடுகினமாம். 2010இலை இந்தோனேசியாப் பல்கலைக்கழகம் தொடக்கின அலுவலாம், கிறீன்மெற்றிக் எண்டு பேராம். குப்பைக்கு 100க்கு 18, போக்குவரத்துக்கு 18, தண்ணிக்கு 10 எண்டு கனகாலமாப் பிரிச்சு வைச்சிருந்தவையாம். "தண்ணிக்கு ஏன்ரா பத்துத்தான்?" எண்டு கேட்டன். முழிச்சான். உதைப் பிரிச்சவை மழைநாட்டிலை இருந்து பிரிச்சிருக்கினம், மோனை. கீரிமலைக் கேணிக்கட்டிலை இருந்து பிரிச்சிருந்தா தண்ணிக்கு 90 போட்டுட்டு, மிச்சப் பத்தை மற்றதுகள் பங்கிடட்டும் எண்டு எழும்பிப் போயிருப்பினம்.

வற்றாத ஆறு எண்டு சொல்ல ஒண்டும் இல்லாத குடாநாடு இது. மேலை மண், கீழை சுண்ணாம்புக்கல்லு. நிலம் முழுக்க நீத்துப்பெட்டி மாதிரி. மேலை ஊத்திறது எதுவும் மேலை நிக்காது, கீழை இறங்கி ஆற்றையோ கிணத்திலை போய்ச் சேரும். சுன்னாகத்துச் சனத்தைக் கேளுங்கோ. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணத்துக்கை இறங்கி, வாளியாலை அள்ள அள்ள எண்ணெய் மணத்தது. 2019 ஏப்ரலிலை உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையக் கொம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சட்டம் படிக்கிற பிள்ளையள் ஆரும் இருந்தா அந்தத் தீர்ப்பை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ. மற்றப் பிள்ளையள் ஆய்வுகூடத்துத் தொட்டியிலை எதை ஊத்திறியள் எண்டு ஒருக்கா யோசியுங்கோ. வாளிக்கை போடுற குப்பை கண்ணுக்குத் தெரியும், அதாலை அதுக்குச் சுவரொட்டி ஒட்டுறியள். சிங்குக்கை போறதுக்கு ஆர் ஒட்டினது?

போக்குவரத்துக்கு 18 எண்டதும் எனக்குப் புழுகம் தாங்கேல்லை. ஏனெண்டா அந்தப் பாடத்திலை நாங்கள் முதலாம் வகுப்புச் சித்தி. 1990 யூனிலை இந்த ஊரை விட்டு ஓடினனாங்கள். அதோடை அரசாங்கம் எங்களுக்கு இலவசமா ஒரு பாடநெறி தொடக்கினது, பொருளாதாரத் தடை எண்டு பேர். கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை. பற்றரி இல்லை. சவுக்காரம் கண்டால் கும்பிடலாம். சீமெந்துக்கும் தடை! தீவுக்கே முதல் சீமெந்துத் தொழிற்சாலை எழும்பினது இஞ்சைதான், 1950இலை, பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியா இருந்த காலம். எங்கட கல்லை அரைச்சு நாடு முழுக்க வீடு கட்டினவை. கடைசியிலை எங்களுக்கு மிஞ்சினது பள்ளமும் தடையும்.

அந்த நாளையிலை எப்பிடிச் சீவிச்சம் தெரியுமோ? ஜாம் போத்தலுக்கை பஞ்சை வைச்சு, எப்பன் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்திலை படிச்ச பொடியள்தான் மருத்துவபீடத்துக்கும் போனவை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் மிதிக்க, டைனமோவிலை ரேடியோ பாடும், சுத்தவர இருந்து பிபிசி தமிழோசை கேப்பம். மிதிக்கிறவன் களைச்சா உலகச் செய்தியும் களைக்கும். பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சம். கொடியிலை காயப்போட்ட சேட்டை மாடு வந்து சூப்பும். எழுதின தாளின்ரை பின்பக்கத்திலை எழுதி, அதின்ரை ஓரத்திலையும் எழுதி, பிறகு அதிலை கடலை சுத்தினம். கம்பஸ் வாசல் முழுக்கச் சைக்கிள். கிறீன்மெற்றிக்காரர் அப்ப வந்திருந்தா முழுப் புள்ளியையும் குடாநாட்டுக்குத் தந்துபோட்டு, தாங்கள் வந்த வாகனத்துக்கு வெக்கப்பட்டிருப்பினம்.

பெருமைக்குச் சொல்லேல்லை. பட்டினி கிடந்ததை விரதம் எண்டு சொல்லேலாது. ஆனா ஒரு விசயம் கவனிச்சியளோ? அப்ப எங்களிட்டை நிற நிறமா வாளி ஒண்டும் இல்லை. பிரிச்சுப் போட்டு நாங்கள் குப்பையைக் குறைக்கேல்லை. படலையாலை உள்ளுக்கு ஒண்டும் வரேல்லை, அதாலை வெளியிலை போட ஒண்டும் இல்லை.

இப்ப உங்கட வாளிக்கு வாறன். பச்சைக்கு உக்கிறது, நீலத்துக்குக் கடதாசி, செம்மஞ்சளுக்குப் பிளாஸ்ரிக், சிவப்புக்குக் கண்ணாடி, மண்ணிறத்துக்கு உலோகம். வடிவான ஏற்பாடு. அஞ்சு வாளி, அஞ்சு மூடி. விடிய ஒரு உழவு மெசின் வரும். அதிலை ஒரே ஒரு பெட்டி. எந்த ஊரிலை கண்டனான் எண்டு கேக்காதேங்கோ, பேரன் இன்னும் ரண்டு வரியம் படிக்க வேணும்.

ஒருக்கா பிளாஸ்ரிக் ஒழிப்பு விழா ஒண்டுக்கு என்னை மூத்த பிரசை எண்டு கூப்பிட்டவை. அதையும் எங்கை எண்டு சொல்லமாட்டன். வாசலிலை பிளாஸ்ரிக் பனர், அதிலை 'பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்போம்'. மேடையிலை ஆளுக்கொரு தண்ணிப் போத்தல். ரோல்ஸும் கேக்கும் தனித்தனிப் பொலித்தீனிலை. கழுத்திலை பிளாஸ்ரிக் மாலை. 2023 ஒக்ரோபர் 1இலை இருந்து அந்த மாலைக்கு நாட்டிலை தடை, தெரியுமோ? சட்டவிரோதமா மாலை போட்டு என்னைக் கௌரவிச்சவை. போதாததுக்கு ஆளுக்கொரு ரீசேட். பச்சை நிறம், அது ஒண்டுதான் பச்சை. உங்கட கம்பஸிலை சூழல் தினத்துக்கு ஒண்டு, விளையாட்டுக்கு ஒண்டு, சுற்றுலாவுக்கு ஒண்டு எண்டு ரீசேட் அடிக்கிறியள். நாலு வரியம் முடிய ஒரு கடையே வைக்கலாம்.

தடைக்கும் இஞ்சை பஞ்சமில்லை. 2007 தையிலை மெல்லிசுப் பொலித்தீனுக்கு. 2017 செப்டெம்பரிலை லஞ்ச் சீற்றுக்கும் றெஜிபோம் பெட்டிக்கும். 2023இலை ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பையோடை பிளாஸ்ரிக் இடியப்பத்தட்டுக்கும். இந்த இடியப்பத்தட்டிலைதான் எனக்குச் சிரிப்பு அடங்கேல்லை. ஈர்க்கிலை பின்னின தட்டு எங்கட அடுப்படியளிலை இருந்தது. அதைக் குப்பையிலை எறிஞ்சு பிளாஸ்ரிக்கை வாங்கினம். இப்ப வர்த்தமானி வந்து அதையும் எறியச் சொல்லுது. ரண்டு தரம் எறிஞ்சாச்சு, இடியப்பம் மட்டும் அதே இடியப்பம். ஒடியற்கூழைப் பனையோலைப் பிளாவிலை குடிச்சனாங்கள், வெறும் பிளாவை எங்கை போடுறது எண்டு ஆரும் செயலமர்வு வைச்சுக் கேட்டதில்லை. மாடு கேட்டது, குடுத்தம்.

உங்கட மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கோ. சோத்துக்கு ஒரு சீற், அதுக்கு மேலை பேப்பர், சொதிக்கு ஒரு குட்டிப் பை, குழம்புக்கு இன்னொண்டு, எல்லாத்தையும் தூக்கிவர ஒரு சொப்பிங் பாக். தின்ன நேரம் கொஞ்சம், அவிழ்க்க நேரம் கனக்க. இப்ப உக்கிற சீற் வந்திருக்கெண்டு கடைக்காரன் சொல்லுவான். உக்கும், உக்க வைக்க ஆளிருந்தா. சந்தியிலை குவிச்சு நெருப்பு வைக்கிறவைக்கு அதுவும் புகைதான். இராமநாதன் வீதிக் கம்பஸ் படலையிலை அடையாள அட்டை பாக்கிறவை கையிலை தூங்கிற பையையும் ஒருக்காப் பாத்தா என்ன குறையும்?

ஆனா கெதிப்பட்டு நாளைக்கே சுற்றுநிருபம் அடிக்காதேங்கோ. 2021 மே மாதம் ரசாயன உரத்தை ஒரே அடியா நிப்பாட்டின கதை ஞாபகம் இருக்கோ? சேதனப் பசளை நல்லது எண்டு தோட்டக்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவ்வளவு பசளைக்கு எங்கை போறது எண்டுதான் அவன் கேட்டவன். பதில் வரேல்லை, நவம்பரிலை தடையைத் திருப்பி எடுத்தினம். நீங்களும் திங்கட்கிழமை பார்சலை நிப்பாட்டினா, செவ்வாய்க்கிழமை பொடியள் மதிலாலை வாங்குவினம். முதல் கன்ரீனுக்குப் பக்கத்திலை வரிசையாப் பைப் பூட்டுங்கோ, கோப்பை கழுவ. தண்ணி குடிக்கிற இடத்திலை கிணத்துத் தண்ணியைப் பரிசோதிச்ச கடதாசியை ஒட்டுங்கோ. அது இல்லாமல் பிள்ளையள் போத்தல் வாங்கிறதை ஆரும் பிழை சொல்லேலாது, சுன்னாகக் கதை கேட்ட பிள்ளையள்.

மிஞ்சின சோத்துக்கும் விழுந்த சருகுக்கும் நீங்கள் கனதூரம் போகத் தேவையில்லை. திருநெல்வேலியிலை, கோண்டாவிலிலை இன்னும் செம்மண் தோட்டம் கிடக்குது. அந்த மண் பசளையைத் தின்னுற மண். குழை தேடி ஊரூரா வண்டில் கட்டிப்போன தோட்டக்காரரின்ரை பேரப்பிள்ளையள்தான் அங்கை வெங்காயம் வைக்கினம். நாங்களோ வேப்பஞ்சருகைக் கூட்டிக் கோடிக்கை நெருப்பு வைக்கிற சாதி. விவசாயபீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலை எண்டா என்ன, சருகு திருநெல்வேலியிலைதானே விழுகுது? போன் அடிச்சுக் கேளுங்கோ.

இன்னொண்டு. எங்கட பழைய கல்லு வெட்டின பள்ளங்களைக் காட்டி, "இதை நிரப்பினா என்ன?" எண்டு ஆரும் படிச்சவர் கேட்டா, அவரை எனக்கு ஒருக்கா அறிமுகப்படுத்துங்கோ. ஆழப் பள்ளத்திலை கொட்டினா குப்பை கிணத்துக்குப் போக அரைவாசித் தூரத்தை நாங்களே வெட்டிக் குடுத்த கணக்கு.

சரி, கரைக்கு வருவம். நீங்கள் இண்டைக்குப் பத்துச் சாக்குப் பொறுக்குவியள். 2021இலை கொழும்புக் கடலிலை எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ள் ஒரே கப்பலா 1,680 தொன் அளவு பிளாஸ்ரிக் குருணியைக் கொண்டு வந்தது. 2025 மேயிலை கேரளாக் கடலிலை தாண்டுபோன கப்பலின்ரை குருணி அடுத்த மாதமே மன்னார்க் கரைக்கு வந்திட்டுது. கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை. பொறுக்காதேங்கோ எண்டு சொல்லேல்லை. பொறுக்கேக்கை எது எது வருகுது எண்டு ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. எந்தச் சோடாப் போத்தல், எந்தப் பிஸ்கற் உறை, எந்தக் கடையின்ரை பை எண்டு எழுதி, படம் எடுத்து அந்தக் கொம்பனிக்கு அனுப்புங்கோ. கரையோடை நிண்டு சிரிச்சு எடுக்கிற படம் உங்கட முகநூலுக்கு. இது அவைக்கு.

குப்பை அள்ளுறதுக்குப் பிளாஸ்ரிக் பை கொண்டுவந்திருக்கிறியள், பாத்தனான். அதையும் எண்ணிக் கொப்பியிலை எழுதுங்கோ. அடுத்தமுறை வரேக்கை கடகமும் உமலும் கொண்டு வாங்கோ. எங்கை வாங்கிறது எண்டு யோசிக்கிறியளோ? எங்கட வீட்டு ஆச்சி பின்னுவா. இப்ப கை எப்பன் நடுங்குது, ஆனா விலையிலை நடுக்கம் இல்லை. முற்பணம் கையிலை தந்தா சார்வோலையை நாளைக்கே வாங்கிப் போடுவா. பற்றுச்சீட்டு வேணுமெண்டா பேரன் நீங்கள் அடிச்ச துண்டுப்பிரசுரத்தின்ரை பின்பக்கத்திலை எழுதித் தருவான், அது வெறுமையாத்தான் கிடக்குது.