ஒரு பின்பக்க வரலாறு

போடியிலிருந்து உடும்பஞ்சோலைக்கு ஜீப்பில் போகிறவர்கள் இரண்டு ரகம். உட்கார்ந்து போகிறவர்கள், இடம் கிடைக்காமல் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்கள். மூன்றாவது ரகம் ஒன்றை நான் தொடங்கிவைத்தேன்: இடம் கிடைத்தும் தொங்கிக்கொண்டு போகிறவன். ஏலக்காய் எடுக்கப் போகிற அக்காமார் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு எனக்கு இடம் பண்ணினார்கள்.

“உக்காரு தம்பி.”

“இல்லக்கா, காத்து வரட்டும்.”

“எதுக்கு?” என்று ஒரு அக்கா கேட்டார். போடிமெட்டு வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

எனக்கு வந்திருந்தது பவுத்திரம். மலைக்கு மேலே போனால் அது பகந்தரம். படித்தவர் வாயில் பிஸ்டுலா. நம் பக்கத்தில் இடுப்புக்குக் கீழே பின்னால் எது வந்தாலும் ‘மூலம்’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுவோம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான் ‘மூலம், பவுத்திரம்’ என்று இரண்டுக்கும் நடுவே ஒரு கமா போட்டு மருத்துவத்தைக் காப்பாற்றி வருகிறது.

மூலம் என்பது ரத்தக்குழாய் வீங்குவது. பவுத்திரம் எலி வளை. ஆசனவாய்க்குள் இருக்கும் சின்னச் சுரப்பி ஒன்றில் சீழ் பிடித்து, கட்டியாகி, தோண்டிக்கொண்டே வந்து பிட்டத்தில் வாசல் வைத்துவிடும். தோட்டத்தில் வளை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாசலை மண் போட்டு மூடினால் எலி செத்துப்போகாது, அடுத்த செடிக்கடியில் இன்னொரு வாசல் திறக்கும். வெளிவாயில் களிம்பு தடவி மூடினால் பவுத்திரமும் அதையேதான் செய்யும். வளை மேலாக ஓடினால் கீறித் திறந்துவிடலாம், அடியிலிருந்து ஆறி வரும். சுருக்குத்தசைக்குள் புகுந்து கிளைவிட்டு ஓடினால்தான் வம்பு. எலி பிடிக்கிறேன் என்று கதவின் தாழ்ப்பாளை அறுத்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் கதவு சாத்தாது. எந்தக் கதவு என்று நான் விளக்கப்போவதில்லை.

அதனால் நூல். வளையின் ஒரு வாசலில் விட்டு மறு வாசலில் எடுத்து முடிச்சுப் போடுவது. தமிழில் புத்தகமும் நூல்தான், இழையும் நூல்தான். இந்த வரலாற்றில் இரண்டும் பின்னிக்கொண்டே வரும்.

கிரேக்கத்து ஹிப்பாக்ரடீஸ் பெயரில் பவுத்திரத்துக்கென்றே ஒரு சிறு நூல் இருக்கிறது. வயது 2,300 வருஷத்துக்குக் குறையாது. முதலில் பச்சைப் பூண்டுத் தண்டை உள்ளே விட்டு ஆழம் பார்க்கச் சொல்கிறது. (வட்டவடைப் பூண்டுக்காரர்கள் கவனிக்க: உங்கள் சரக்குக்கு இப்படியும் ஒரு சந்தை இருந்தது.) பிறகு ஐந்து இழை ஆளிச்செடி நாரைச் சேர்த்து முறுக்கி, அதன்மேல் குதிரைமயிரைச் சுற்றி, வளைக்குள் கோத்துக் கட்ட வேண்டும். நார் சதையை மெல்ல அறுக்கும், ஆனால் நடுவிலேயே அழுகிப்போகும். குதிரைமயிர் அழுகாது. நார் இற்றுவிட்டால் மயிரின் நுனியில் புது நாரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எந்தப் பொருள் எதற்கு ஆகும் என்று ஒருவர் உட்கார்ந்து, அல்லது உட்கார முடியாமல், யோசித்திருக்கிறார். இன்றும் டாக்டர்கள் இந்த நூலை சீட்டன் என்பார்கள். லத்தீனில் சீட்டா என்றால் முரட்டு மயிர். குதிரை போய்விட்டது, மயிர் மட்டும் பெயரில் நிற்கிறது.

நம் நாட்டு சுசுருதர் கவிமனம் படைத்தவர். பவுத்திரத்தை ஐந்தாகப் பிரித்தார். சல்லடைபோல் நூறு கண் உள்ளது ஒன்று, சங்குபோல் சுழன்று போவது ஒன்று, ஒட்டகக் கழுத்து ஒன்று. வலியில் துடிக்கிறவனின் பின்னால் குனிந்து பார்த்து ‘ஆகா, ஒட்டகம்!’ என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும். ஐந்தாவது வகைக்குக் காரணம், கறி ஆசையில் எலும்பையும் சேர்த்து விழுங்குவது. எல்லும் (அதாவது எலும்பும்) கப்பையும் விற்கும் இடுக்கிக் கடைகளில் இதை எழுதி மாட்டினால் வியாபாரம் படுத்துவிடும்.

அவர்தான் காரம் ஏற்றிய நூலையும் சொன்னவர். யாருக்கு? மெலிந்தவனுக்கு, பலவீனனுக்கு, பயந்தவனுக்கு. அப்புறம் வளை மர்மத்தானத்தில் ஓடினால். அங்கெல்லாம் புத்தியுள்ளவன் கத்தியை எடுக்க மாட்டான் என்கிறார். என் ஜாதகத்தை இத்தனை துல்லியமாக வேறு யாரும் கணித்ததில்லை.

கத்தியை நம்பியவர்கள் கதை வேறு. 1376-இல் இங்கிலாந்தில் ஜான் ஆர்டர்ன் என்கிற வைத்தியர் பவுத்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குதிரைமேலேயே வாழ்ந்து பின்பக்கம் புண்ணான வீரமறவர்கள் அவருடைய வாடிக்கை. பெரிய மனிதரிடம் 40 பவுன் கேளுங்கள், கூடவே வருஷா வருஷம் 100 ஷில்லிங்கும் துணிமணியும் வாங்குங்கள் என்று ரேட்டையும் அதிலேயே எழுதிவைத்தார். வைத்தியனின் நகம் சுத்தமாக இருக்க வேண்டும், நோயாளி சிரிக்க நாலு கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நகத்தை இன்றைக்கு உறை பார்த்துக்கொள்கிறது. கதைதான் யாரும் சொல்வதில்லை.

பிரான்சின் பதினான்காம் லூயிக்கு 1686-இல் இதே வளை வந்தது. சூரியனுக்கு நிகரான ராஜா. அங்கே மட்டும் கிரகணம். இவரைப்போலவே வளை வைத்திருந்த ஏழைகளைத் தேடிப் பிடித்து வெந்நீர் ஊற்றுகளுக்கு அனுப்பி, ஆறுகிறதா என்று பார்த்தார்கள். ஆறவில்லை. அறுவை வைத்தியர் ஃபெலிக்ஸ், பாரிஸ் ஏழைகளின் பின்பக்கத்தில் சில மாதம் கை பழகிவிட்டு, நவம்பர் 18 காலையில், மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலத்தில், ராஜாவைக் கீறினார். பிழைத்தார் ராஜா. ஃபெலிக்ஸுக்குப் பணம், நிலம், பட்டம். அரண்மனையில் பவுத்திரம் உடனே கௌரவமாகிவிட்டது. வளையே இல்லாத பிரபுக்கள்கூட ‘எனக்கும் கீறுங்கள்’ என்று வந்து நின்றார்களாம், கிடையாது என்றதும் முகம் வாடிப் போனார்களாம். தலைவர் மொட்டை போட்டால் தொண்டரும் போடுகிற வழக்கம் நம் கண்டுபிடிப்பு என்று யாரும் காலரைத் தூக்க வேண்டாம்.

இதில் செத்தது ஒரு சங்கீத வித்வான். ராஜா குணமானதைக் கொண்டாட 1687 ஜனவரியில் ஜான் பாப்டிஸ்ட் லுல்லி கச்சேரி நடத்தினார். தாளம் போட அந்தக் காலத்தில் கனத்த தடியைத் தரையில் தட்டுவார்கள். உற்சாகத்தில் தன் கால்விரல் மேலேயே போட்டுக்கொண்டார். புண் அழுகி மார்ச்சில் போய்ச்சேர்ந்தார். பவுத்திரம் வந்தவர் இன்னும் 28 வருஷம் ஆண்டார்.

சார்லஸ் டிக்கன்ஸுக்கும் 1841-இல் கீறினார்கள். கீறியவர் ஃபிரெடரிக் சால்மன். ஏழைகளின் இந்த உறுப்புக்கென்றே லண்டனில் ஒரு மருத்துவமனை தொடங்கியவர். அதுதான் பிற்பாடு செயின்ட் மார்க்ஸ். சுருக்குத்தசையை வைத்துப் பவுத்திரத்தை நாலு வகையாக்கி 1976-இல் எழுதிய ஆலன் பார்க்ஸும் அங்கிருந்தவர்தான். ஒட்டகத்தை அவர் சேர்க்கவில்லை.

ஜீப்பையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிட்டப் பிளவுக்கு மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், மயிர் புகுந்து சீழ் வைத்தது. லூயி புயீ என்ற டாக்டர் 1944-இல் அதற்கு ‘ஜீப் நோய்’ என்று பெயர் வைத்தார். இது பவுத்திரமல்ல, பக்கத்து வீட்டுக்காரன். ஆனாலும் உடும்பஞ்சோலை ஜீப்பில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் இதைப் படித்தால், அமெரிக்கா தாங்காததை நாம் தாங்குகிறோம் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காரலாம். முடிந்தால்.

கார நூல் மறுபடி எழுந்தது காசியில். 1960-களில் இந்து பல்கலைக்கழகத்தில் சங்கரன், தேஷ்பாண்டே முதலானவர்கள் அதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். கெட்டியான லினன் நூல். அதற்கு 21 பூச்சு: இலைக்கள்ளிப் பால் மட்டும் 11 முறை, கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலின் உப்பு 7 முறை, கள்ளிப்பாலோடு மஞ்சள்தூள் 3 முறை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. வாராவாரம் பழைய நூலின் வாலில் புது நூலைக் கட்டி இழுப்பார்கள், பாவாடைக்கு நாடா கோப்பதுபோல. காரம் அரித்துக்கொண்டே போகும், படகுக்குப் பின்னால் தண்ணீர் கூடுவதுபோல சதையும் ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 500 பேர் போலச் சேர்த்துக் கத்தியோடு இதை மோதவிட்டு 1991-இல் முடிவை வெளியிட்டது. திரும்ப வந்தது நூலில் 100-க்கு 4 பேருக்கு, கத்தியில் 11 பேருக்கு. ஆனால் ஆறுவதற்குக் கத்திக்கு 4 வாரம், நூலுக்கு 8. அந்த 8 வாரமும் கள்ளிப்பால் என்ன செய்யும் என்பதை, அது ஒருமுறை கையில் பட்டவர்களிடம் கேளுங்கள்.

என்னைப் பார்த்த டாக்டர் அறுக்கிற நூல் கட்டவில்லை. இறுக்கிக்கொண்டே போனால் தாழ்ப்பாளும் சேர்ந்து அறுந்து பிற்பாடு கசியலாம் என்றார். தளர்வாக ஒரு வளையம், வாசல் மூடாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்க. வளை அடங்கிய பிறகு அடுத்த ஆபரேஷன். எதில் வளையம் போடுவது என்பதில்தான் அவர் கதாகாலட்சேபமே செய்தார். பட்டுநூல் மலிவு, முடிச்சு உடும்புப் பிடி. ஆனால் பின்னல் நூல் சீழைக் குடித்து விறைத்துப்போகும். நைலான் குடிக்காது, வெட்டிய நுனி முள்ளாகக் குத்தும். சிலிகான் வளையம் ஆபரேஷனில் ரத்தக்குழாயைத் தூக்கிப் பிடிப்பதற்காகச் செய்தது. வழுவழுப்பு, இழுத்தால் கொடுக்கும், உட்கார்ந்தால் உறுத்தாது. அந்த வழுவழுப்பில் முடிச்சு நழுவும் என்பதால் மேலே பட்டுநூலால் ஒரு கட்டு. அது கிடைக்காத ஊரில் கையுறையின் ரப்பரைக் கீற்றாக வெட்டியும் கட்டுவார்கள், குழந்தைகளுக்குப் பாலூட்டும் மெல்லிய குழாயையும் விடுவதில்லை. எலக்ட்ரிக் கடையில் ஒயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு பல் இறுக்கினவர்களும் உண்டு. அதைக் கேட்டதும் நான் மேசையைவிட்டு இறங்கப் பார்த்தேன்.

“எல்லாத்திலும் முடிச்சுதான் வில்லன்,” என்றார். “அது சுழன்று உள்ளே போய்விட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. முடிச்சே இல்லாத வளையமும் இப்போது வந்திருக்கிறது.”

“நம்மகிட்ட இருக்கா டாக்டர்?”

“விலையைக் கேட்டால் உங்களுக்கு இன்னொரு வளை விழும்.”

சிலிகானே கட்டினார். பத்து நாள் கழித்து அதே ஜீப், அதே அக்காமார். ஒரு புட்டத்தை மட்டும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இப்ப பரவால்லயா தம்பி? என்ன வைத்தியம் பண்ணின?”

“நூல் கட்டியிருக்குக்கா.”

அக்கா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எந்தக் கோயில்ல?”