மதகு ஒண்ணு, மடை நூறு

என்னப்பா தம்பி, மூஞ்சி தொங்கிக் கிடக்குது? ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்துச்சா? "சர்வர் இழுக்குது, ஆனா சிபியு நாப்பது பர்சென்ட்தான் காட்டுது"ன்னு மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிட்டு, கையோட "இன்னும் நாலு விசிபியு வேணும்"னு டிக்கெட்டும் போட்டிருப்பியே! போடு, நல்லா போடு. கேக்கிறதுக்கு என்ன காசா பணமா?

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம்னு இந்தப் பக்கத்து ஏரிங்க தண்ணியில நெல்லு விளைஞ்ச காலத்துல எங்க வீட்டுக்கு நீர்க்கட்டி வேலை, அதாவது மடை திறந்து கழனிக்கு முறை வச்சுத் தண்ணி விடுறது. இப்போ ஆயக்கட்டு பூரா அபார்ட்மென்ட். தண்ணி லாரியில வருது. 1984-ல தாம்பரம் சானடோரியத்துல மெப்ஸ்ங்கிற ஏற்றுமதி வளாகம் வந்தப்போ அங்கே வேலைக்குப் போனவங்களோட புள்ளைங்க, இன்னிக்கு சோழிங்கநல்லூர், சிறுசேரின்னு கம்பெனி பஸ் ஏறுதுங்க. எம்பேரனும் அதுல ஒருத்தன். கொரோனா காலத்துல அவன் வீட்டோட உட்கார்ந்து வேலை பார்த்தான். நான் பின்னால ஈஸிசேர்ல சாஞ்சுக்கினு அத்தனை மீட்டிங்கையும் கேட்டேன். எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். மருமக பேசும்போது மட்டும் கொஞ்சம் மந்தம்.

கேட்டதுல ஒண்ணு புரிஞ்சுது. இந்த விர்ச்சுவல் மெஷின் ஒண்ணும் நேத்து முளைச்ச காளான் இல்லை. ஐபிஎம்காரன் 1972-லயே விஎம்/370-ன்னு கொண்டாந்துட்டான். இருக்கிறது ஒரே மெஷின். ஆளாளுக்கு "இது எனக்கே எனக்கு"ன்னு நெனைப்பு. எங்க ஏரியும் அப்படித்தான். மதகு ஒண்ணு, மடை நூறு. உங்க ஹைப்பர்வைசர்தான் நீர்க்கட்டி. உன் வி.எம். ஒரு கழனி. முறை வந்தா தண்ணி, வராட்டி வரப்பு மேல குந்திக்கினு காத்திரு. பதினாறு கோர் இருக்கிற ஹோஸ்ட்ல தொண்ணூறு விசிபியு பங்கு போட்டுக் குடுத்துட்டு, கழனிக்குள்ள நின்னுக்கினு "ஏரியில தண்ணி இருக்குதா"ன்னு பார்த்தா என்னத்தைத் தெரியும்?

சரி, கழனிக்குள்ள நின்னாலும் ஒரு தடயம் உண்டு. கேவிஎம், ஸென் மேல ஓடுற லினக்ஸா இருந்தா 'டாப்' அடிச்சு மூணாவது வரியைப் பாரு. யு.எஸ். 40, எஸ்.ஒய். 5, ஐ.டி. 30, கடைசியில எஸ்.டி., அதாவது ஸ்டீல், 25. நீ முன்னாடி இருக்கிற நாப்பதைப் பார்த்துட்டு, கடைசியில இருக்கிற இருபத்தஞ்சை விட்டுட்டே. உன் வி.எம். வேலைக்குத் தயாரா நின்னும் ஹோஸ்ட்ல கோர் கிடைக்காம போன நேரம் அது. மத்த வி.எம். ஏதோ ஒண்ணு அதைத் தின்னுக்கினு இருக்குது.

விஎம்வேர்ல உள்ளே நின்னா பெரும்பாலும் அதுவும் தெரியாது. வெளியே வந்து விசென்டர்ல 'ரெடி'யைப் பாரு. அதுலயும் நம்ம புள்ளைங்க வழுக்கி விழுவாங்க. ரியல்-டைம் சார்ட்ல ஒரு புள்ளிக்கு 20 செகண்டு, அதாவது 20,000 மில்லிசெகண்டு. அதுல ஒரு விசிபியுவுக்கு ரெடி 2,000-ன்னு வந்தா பத்து பர்சென்ட். வயித்துல புளி கரைக்கணும். அதே 2,000 ஒரு நாள் சார்ட்ல வந்தா? அங்கே ஒரு புள்ளிக்கு 5 நிமிஷம். கணக்குப் போடு, ஒரு பர்சென்ட்கூட தேறாது. எம்பேரன் ஆபீஸ்ல இதைக் குழப்பிக்கினு ஒரு ராத்திரி பூரா பத்து பேர் கால்ல இருந்தாங்க. நான் நல்லா தூங்கினேன்.

இப்போ உன் நாலு விசிபியு ஆசைக்கு வருவோம். குடுத்தா வேகம் கூடும்னு யார் சொன்னா? விஎம்வேர்ல நாலும் ஏறக்குறைய ஒண்ணா நகரணும். ஒண்ணு முந்திக்கினா, பிந்தினது வந்து சேர்ற வரைக்கும் முந்தினதைப் புடிச்சு நிறுத்திடும். அதுக்குப் பேரு கோ-ஸ்டாப். ஈஎஸ்எக்ஸ்டாப்ல அதுக்குத் தனிப் பத்தியே இருக்குது. ஏற்கெனவே நெருக்கடியா இருக்கிற ஹோஸ்ட்ல ரெண்டை எட்டாக்கினா, நீயும் இழுப்பே, பக்கத்துல இருக்கிறவனையும் இழுக்க வைப்பே. எட்டை ரெண்டாக் குறைச்சு வேகம் கூடின கதை உண்டுப்பா. ஆனா "குறைச்சுக் குடுங்க"ன்னு டிக்கெட் போடுற ஆம்பளையை இந்த ஓஎம்ஆர்ல இன்னும் நான் பார்க்கலை.

ஹைப்பர்-வி ஆளுங்களுக்கும் ஒரு கும்பிடு. ஹோஸ்ட்லயே போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "மூணு பர்சென்ட்தான் ஓடுது, ஹோஸ்ட் சும்மா கிடக்குது"ன்னு மார் தட்டுறாங்க. அது காட்டுறது ஹோஸ்ட் விண்டோஸோட சொந்தச் சாப்பாடு மட்டும், வி.எம்.ங்க தின்னது அதுல வராது. பெர்ஃப்மான்ல 'ஹைப்பர்வைசர் லாஜிக்கல் ப்ராசஸர்' கவுன்ட்டரைப் போட்டுப் பாரு, மார் தட்டின கை தானா கீழே இறங்கும்.

"நாங்க கிளவுட்டுக்குப் போயிட்டோம் தாத்தா, அங்கே இந்தத் தொல்லையே இல்லை"ங்கிறான் இன்னொருத்தன். கேழ்வரகுல நெய் வடியுதாம்! கிளவுட்டும் எவனோ ஒருத்தன் ஹோஸ்ட்தானேப்பா. அமேசான்ல டி2 மைக்ரோன்னு சல்லிசா ஒண்ணு எடுப்பீங்களே, அதுக்கு மணிக்கு 6 கிரெடிட்தான் அளப்பான். ஒரு கிரெடிட்டுக்கு ஒரு விசிபியு ஒரு நிமிஷம் முழு மூச்சா ஓடும். ஆக, அறுபது நிமிஷத்துல ஆறு நிமிஷம். சேர்த்து வச்ச கிரெடிட் தீர்ந்தா பத்துல ஒரு பங்கு வேகத்துல நொண்டும். நீ ஆப்பை எழுதினவனைப் போட்டுத் திட்டிக்கினு இருப்பே.

அதுலயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சராசரி பார்த்தா போதும்னு ஒரு சோம்பேறித்தனம். ஒரு நிமிஷம் நூறு பர்சென்ட்ல மூச்சு முட்டி, மீதி நாலு நிமிஷம் பத்துல கிடந்தா, சராசரி 28. டாஷ்போர்டு பச்சைப் பசேல்னு இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துல பணம் கட்ட வந்தவன் மட்டும் செவந்து போய் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக்கினு இருப்பான்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீங்க அளக்கிறீங்க, இல்லைங்கலை. ஆனா எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும் அளக்கிறீங்க. எவ்வளவு நேரம் காத்துக் கிடந்துச்சுன்னு அளக்கணும்ப்பா. வி.எம். இழுத்தா முதல்ல ஸ்டீல், ரெடி, கோ-ஸ்டாப், கிரெடிட் பாக்கி பாரு. ஒரு விசிபியுவுக்கு ரெடி அஞ்சு பர்சென்ட்டைத் தாண்டினா ஹோஸ்ட்ல யார் யார் குடியிருக்கான்னு கேளு. அதெல்லாம் சுத்தமா இருந்து, உள்ளே சிபியு நெசமாவே தொண்ணூறைத் தொட்டுக்கினே கிடந்தா, அப்போ கூடுதலாக் கேளு, நானே கையெழுத்துப் போடுறேன். இப்போதைக்கு அந்த நாலு விசிபியு டிக்கெட்டை வாபஸ் வாங்கிட்டு, போய்ப் படு.